நாலு மணிச் சோறு

மூன்றாம் மாதத்தில் என் மூக்கு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. நான் கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். வகுப்புக்குள் நுழைந்ததுமே கடைசி பெஞ்சில் யாரோ முட்டைப் பொரியல் கொண்டுவந்திருப்பது தெரிந்துவிடும். உடனே வெளியே ஓடுவேன். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே குமட்டியது. வாயில் வைத்ததெல்லாம் வந்த வழியே திரும்பியது, எடை இறங்கிக்கொண்டே போனது.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமுங்க. ஒண்ணுமே உள்ள நிக்கலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்திர வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா. போன வருஷம் தங்கிய கரு ஒன்று நிலைக்காமல் போயிருந்தது. அதனால் அவர் சாதாரணமாகச் சொன்னதுகூட எனக்குப் பயமாக இருந்தது.

என் கணவருக்குச் சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. ஓடாத மோட்டாரை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பதே பிழைப்பு. என்னையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வீட்டுச் சோறு இறங்கவில்லையென்றால் வெளியே பார்ப்போம், தினம் ஒரு கடை என்று முடிவு செய்தார். நாங்கள் இருவருமே நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள். இங்கே எந்தக் கடை நல்ல கடை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன்.

ஆளுக்கொரு கடை சொன்னார்கள். அங்கே யாரோடு போய் உட்கார்ந்தார்கள் என்ற கதையும் கூடவே வந்தது. துறைத்தலைவர் சொன்ன ஹோட்டலில் அவர் பெண் பார்த்த பிறகு முதல்முறையாக மனைவியோடு நெய் ரோஸ்ட் சாப்பிட்டாராம். ஆபீஸ் கிளார்க், பொள்ளாச்சி போகிற வழியில் ஒரு கடையைச் சொல்லிவிட்டு, "எங்க மச்சானக் கூட்டிட்டுப் போனா மட்டும்தானுங்க அங்க கறி நல்லாப் போடுவாங்க" என்றார். மச்சானுக்கு நான் எங்கே போவேன்? மாணவிகள் ஒரே குரலில் "காளானுங்க மேடம்" என்றார்கள்.

காளான் இந்த ஊரின் தள்ளுவண்டிப் பலகாரம். இரும்புக் கல்லில் கொத்திக் கொத்தி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். பேர்தான் காளான், உள்ளே பெரும்பாலும் முட்டைக்கோஸ். தெரிந்தேதான் ஊரே சாப்பிடுகிறது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இதுல காளான் இருக்குங்களா?" என்றேன். கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், "இருக்குதுங்க, தேடிப் பாருங்க" என்றார். தேடுவதற்குள் மசாலா வாடை அடித்தது. சாக்கடை ஓரம்தான் எனக்கு வாய்த்தது.

அடுத்து உக்கடம். குளத்துப் பக்கம் பொரித்த மீன். மீன் தின்றே வளர்ந்தவள், இதுவாவது கைகொடுக்கும் என்று நம்பிப் போனேன். வண்டியை விட்டு இறங்கக்கூட முடியவில்லை. அன்றைக்கு வழியெல்லாம் அழுதேன்.

மருதமலை போகும் சாலையில் ஒரு மெஸ் உண்டு. நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மத்தியானம் மாணவர் கூட்டம் முண்டியடிக்கும். கூட்டம் கலைந்தால் வாடை குறையும் என்று கணக்குப் போட்டு, நாங்கள் நாலு மணிக்குப் போனோம்.

"சாப்பாடு முடிஞ்சு போச்சுங்களே. டீ வேணாப் போடட்டுங்களா?" என்றார் அந்த அம்மா.

உள்ளே அடுப்படிக்குப் பக்கத்தில் வேலையாட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குண்டான். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் எல்லாம் சேர்ந்த வாசம் வந்தது. வீட்டில் என்னை விரட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் அந்தக் குண்டானில்தான் இருந்தன. குமட்டும் என்று வாயைப் பொத்தியபடி காத்திருந்தேன். எச்சில் ஊறியது! இது என்ன கூத்து என்று எனக்கே விளங்கவில்லை. அடுத்தவர் தட்டை அப்படி வெறித்துப் பார்த்தது என் வாழ்நாளில் அன்றுதான்.

அந்த அம்மா என்னையும் பார்த்தார், நான் பார்த்த இடத்தையும் பார்த்தார். "முழுகாம இருக்கறீங்களா அம்மணி?"

தலையாட்டினேன். ஒரு தட்டு வந்தது.

"ஐயோ, இது உங்க சாப்பாடுங்க."

"மாசமா இருக்கறவங்க பாத்துட்டாங்கன்னா குடுக்காமத் திங்கக் கூடாதுங்க. அப்பறம் எங்களுக்கல்லோ வயிறு வலிக்கும்" என்று அவர் சொல்ல, வட்டம் முழுக்கச் சிரித்தது.

அது அரிசிம்பருப்பு. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு, தாளித்து, ஒரே கொதியில் இறக்குகிற சோறு. மேலே தயிர் விட்டுக் கொடுத்தார். இத்தனை கடை ஏறி இறங்கியும் எந்தப் பலகையிலும் இந்தப் பெயரைப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. இரண்டு வாய் உள்ளே போனதுமே என் வாத்தியார் புத்தி கேட்டுவிட்டது. "இத ஏன் விக்கிறதில்ல?"

"ஊட்டுல நேரமில்லாதப்ப ஆக்கறதுங்க இது. இதப் போயிக் காசு குடுத்து யாருங்க திம்பாங்க?"

தட்டைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கடைசியில் பரிமாறுகிற அக்காதான் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, நின்னுருச்சுங்களா?" என்றார்.

நின்றுவிட்டது. எங்கள் கல்யாணத்தன்றுகூட என் கணவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாளும் நாலு மணிக்குப் போனேன். அதே குண்டான், அதே சோறு, எனக்கும் ஒரு தட்டு. அதற்கு மறுநாளும் அப்படியே. பணத்தை நீட்டினால், "இதுக்கு நாங்க வெலையே போடலீங்களே" என்று முடித்துவிடுவார். எடை இறங்குவது நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்காமல் தப்பித்தேன். "இந்த ஊர்க்காரங்க தினமும் இதைத்தாம்மா சாப்பிடறாங்க, அலுக்கவே அலுக்காது போல" என்று அம்மாவிடம் போனில் ஆராய்ச்சி முடிவு மாதிரி சொன்னேன். ஐந்தாம் மாதம் தாண்டியதும் மூக்கு வழிக்கு வந்தது. வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தேன்.

மகளுக்குத் தலை நின்ற பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு அதே நாலு மணிக்குப் போனேன். அன்று குண்டானில் இருந்தது கத்திரிக்காய்க் குழம்பும் வெள்ளைச் சோறும். பரிமாறுகிற அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"கண்ணு, உன்னால நாங்க அரிசிம்பருப்பத் தவுத்து வேற சோத்தையே பாக்கலியே அப்ப!"

"தினமும் அதுதானே சாப்பிடுவீங்க?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "வாரத்துல ஒருநாத்தானுங்க அது. நீங்க வந்தப்பறந்தான் தெனமும்."

"எனக்கு மட்டும் தனியாக் கொஞ்சம் ஆக்கியிருக்கலாமே" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"தனியா ஆக்கிக் குடுத்து, அது எறங்காமப் போயிருந்தா? எல்லாரும் கூடித் திங்கறப்பத்தானுங்க உங்களுக்கு எறங்குச்சு. அத எதுக்கு மாத்தறதுன்னு உட்டுட்டேன்."

"அலுத்துப் போகலையா?" என்று அக்காவைக் கேட்டேன்.

அவர் என் மகளின் வயிற்றில் மூக்கை வைத்து உரசினார். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"அலுத்துப் போச்சுங்க. இப்பெல்லாம் அந்த வாசம் வந்தாலே எனக்குக் கொமட்டுதுங்க" என்றார்.