செல்லாத கல்யாணத்துக்கு ரெண்டு சாட்சி

சர்ச் ஆபீசில் கிராணி வேலை என்றால் பூவும் மெழுகுவத்தியும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு, என் நாற்காலியை ஒரு வாரம் இனாமாகத் தருகிறேன்.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு கோயிலில் ஒன்பது வருஷமாக நான் கிராணி, அதாவது குமாஸ்தா; சின்ன வயசிலிருந்தே இதே கோயில்தான். ஞானஸ்நான சர்டிபிகேட், இன்னாருக்காக என்று எழுதி வைக்கிற பூசைக் கருத்து, கல்லறை இடம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதெல்லாம் சும்மா. மண்டையைக் காய வைப்பது கல்யாண மனு. கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாலும் எங்கள் திருச்சபை கணக்கில் கல்யாணம் அப்படியேதான் நிற்கும். அது ஆரம்பத்திலிருந்தே செல்லாத கல்யாணம் என்று மறைமாவட்ட நடுவர் மன்றம் விசாரித்துச் சொன்னால்தான், மறுபடி கோயிலில் தாலி கட்ட முடியும். அந்த மனுவை எழுதி, சாட்சி பிடித்து, அனுப்பி வைக்கிற பாவி நான். எந்த ஆபீசிலாவது ஃபாரத்தோடு மல்லுக்கட்டுகிறவராக இருந்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. பிலோமினா ஒருத்தி கதையைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

கடைசி பெஞ்சு

பிலோமினா ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறாள். வயது ஐம்பத்தைந்து. புருஷன் சேவியர் விட்டுப் போய், கோர்ட்டில் விவாகரத்தும் முடிந்து பதினெட்டு வருஷம். அன்றைக்குக் கறிப்பாப் பலகார டப்பா ஒரு கையில், கோர்ட்டுப் பேப்பர் வைத்த பை இன்னொரு கையில் என்று வந்து நின்றாள். மகன் ஜோசப்புக்கு அடுத்த வருஷம் செப்டம்பரில் கல்யாணம். அந்தப் பூசையில் மகனோடு சேர்ந்து தானும் நற்கருணை வாங்க வேண்டும். பூசையில் ஃபாதர் கையால் வாங்குகிற அந்த அப்பத்தை நாங்கள் 'நன்மை' என்று சொல்வோம். விவாகரத்து ஆன நாளிலிருந்து அவள் நன்மை வாங்கியதே இல்லை. ஞாயிறு தவறாமல் வருவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், எல்லாரும் வரிசையில் போகும்போது அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் கோர்ட்டுப் பேப்பரைக் கண்டால் கை தானாக டிராயருக்குப் போகும். பதினாலு பக்க ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஆகும், சாட்சி ரெண்டு பேர் வேணும் என்று நீட்டி முழக்கினேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எத்தனை பக்கம்னாலும் எழுதுறேன் அக்கா. மவன் முழங்கால் போட்டு நன்மை வாங்குறப்ப, பெத்தவ பெஞ்சில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக்கூடாது."

ஆறாம் பக்கம்

முதல் அஞ்சு பக்கம் பேரும் ஊரும்தான். ஆறாம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை காலம் பழகினீர்கள் என்று கேள்வி. சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வாளியோடு நிற்கும்போது ஒரு தடவை பார்த்தாளாம். அடுத்து பார்த்தது பெண் பார்க்க வந்த அன்று. அதை நான் 'இரண்டு சந்திப்புகள்' என்று கௌரவமாக எழுதிக்கொண்டேன்.

அடுத்தது, எதிர்மனுதாரரின் குணத்தில் முன்பே கண்ட குறைகள். ரொம்ப நேரம் யோசித்து, 'மீன் சாப்பிடமாட்டார்' என்று எழுதினாள். சேவியர் ஹுத்தான் மெலிந்தாங் என்கிற ஊரில் மீன்பிடிக் குடும்பம். இது குணத்தைப் பற்றிய கேள்வி, சாப்பாட்டைப் பற்றி இல்லை, நடுவர் மன்றத்தில் சிரிப்பார்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அசரவில்லை.

"படகுக்காரன் வீட்டில பொறந்துட்டு மீனே வேணாங்கிறவன், நாளைக்கு பொண்டாட்டி வேணாங்க மாட்டானா? குணம்தான்லா அக்கா, எழுதுங்க."

சூசை அண்ணே சாட்சி சொன்னது

முதல் சாட்சி, அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய சூசை அண்ணே. பைபிள்மேல் கை வைத்து சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினார். மாப்பிள்ளையை யாராவது வற்புறுத்திக் கூட்டி வந்தார்களா என்று கேட்டேன். அவர் கல்யாண நாள் காலையிலிருந்து ஆரம்பித்தார். மழை, பேண்டு வாத்தியம், காட்டுப்பன்றிப் பெரட்டல், எந்த அடுப்பில் எத்தனை சட்டி என்று அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் மாப்பிள்ளை வந்த டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, முதல் ஆளாக இறங்கித் தள்ளியவர் மாப்பிள்ளைதானாம். அவ்வளவு அவசரம்.

நான் பேனாவை மூடி வைத்தேன். இந்த ஒரு வாக்குமூலம் போதும், இது ரொம்ப நல்ல கல்யாணம் என்று சீல் குத்தி அனுப்பிவிடுவார்கள். அண்ணே, நீங்க பிலோமினா பக்கத்துச் சாட்சி, ஞாபகம் இருக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மனுஷன் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன் தங்கச்சி. பைபிளைக் கையில கொடுத்துட்டு இப்ப சொல்றீங்களே."

எதிர்மனுதாரர் நேரில் வந்தார்

ரெண்டாவது சாட்சி சூசை அண்ணேயின் சம்சாரம், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதோடு சரி. அடுத்து, எதிர்த்தரப்புக்குக் கடிதம் போக வேண்டும் என்பது சட்டம். போட்டேன். பதில் எழுதுவார் என்று பார்த்தால், ஒரு பை உலர்ந்த இறாலோடு சேவியரே பஸ் ஏறி வந்துவிட்டார். கடிதத்தை மேசையில் தட்டினார். கல்யாணமே செல்லாது என்றால் என் மகன் ஜோசப் யார், அவனுக்கு அப்பன் பேர் கிடையாதா என்று சத்தம் போட்டார். ஆபீசுக்கு வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

நான் தண்ணீர் கொடுத்து விளக்கினேன். செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, முறையாகப் பிறந்த பிள்ளைதான், திருச்சபை அதில் கையே வைக்காது. பிலோமினா எதற்காக இதைக் கேட்கிறாள் என்றும் சொன்னேன். மனுஷன் அடங்கிவிட்டார். இத்தனை வருஷமாக அவள் நன்மை வாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். எழுந்து போகிறவர் வாசலில் திரும்பினார்.

"செல்லாதுன்னே எழுதிக்குங்க, ஆனா அன்னைக்குப் போட்ட பெரட்டல் மாதிரி நான் இன்னும் எங்கயும் சாப்பிட்டதில்லன்னு ஓரமா ஒரு வரி போடுங்க."

புது ஃபாதர்

ஜூலையில் எங்களுக்குப் புது ஃபாதர் வந்தார். சின்ன வயசு. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை, செப்டம்பரோ வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் அவசரப்படுத்துங்கள் என்று கெஞ்சி ஃபைலைக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு பிலோமினாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இப்போது யாரோடு வாழ்கிறீர்கள்? கேன்டீனோடு என்றாள். மறுபடி யாரையாவது கட்டிக்கொண்டீர்களா, கட்டிக்கொள்ளப் போகிறீர்களா என்றார். ஒரு தடவை பட்டது பத்தாதா ஃபாதர் என்றாள்.

ஃபாதர் ஃபைலை மூடினார். விவாகரத்து மட்டும் நன்மைக்குத் தடை இல்லை. முதல் கல்யாணம் இருக்க, இன்னொருவரோடு குடும்பம் நடத்தினால்தான் தடை. நீங்கள் தனியாக இருக்கிறவர். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு இந்த ஞாயிறே வாங்கலாம், பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலும் வாங்கியிருக்கலாம் என்றார். பதினாலு பக்கம், ரெண்டு சாட்சி, ஒரு பை இறால். மறுகல்யாணம் கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது. வாங்கக்கூடாது என்று யார் சொன்னது என்று ஃபாதர் கேட்டார். பிலோமினா தரையைப் பார்த்தாள்.

"யாரோ சொன்னாங்க ஃபாதர். ஞாபகம் இல்ல."

செப்டம்பர்

கல்யாணப் பூசையில் ஜோசப்புக்கு அடுத்து அவள்தான் போனாள். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து முழங்காலில் நின்றவள், பூசை முடிகிற வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. பாடகர் குழுவில் நின்ற நான் ஒரு வரி தள்ளியே பாடிக்கொண்டிருந்தேன். சந்தோஷம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. பதினெட்டு வருஷம்.

ஹாலில் பந்தி விசாரித்துக்கொண்டு என் இலைக்கு வந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஃபாதர் இல்லை, இப்போது சொல், உனக்கு அப்படிச் சொன்ன அந்த அறிவுகெட்ட ஜென்மம் யார், நானே போய்க் கேட்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. அவள் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னாள்:

"நீங்கதான் அக்கா. கோர்ட்டு முடிஞ்ச வாரம் நன்மை வாங்க எழுந்தேன், பக்கத்துல இருந்த நீங்க கையைப் பிடிச்சு 'இனி உனக்குக் கிடையாது பிலோ'ன்னு உட்கார வச்சீங்க, சாப்பிடுங்க, ஆறிடும்."

சர்ச் ஆபீசுக்கு ஃபாரம் நிரப்பத் தெரிந்த ஆள் சுலபமாகக் கிடைத்துவிடுகிறார், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஆள் வேலைக்குத்தான் இன்னும் யாரும் மனுப்போடவில்லை, நானும் சேர்த்து.