நைனாவைத் தேடி வந்த மைனாக்கள்

எங்கள் வீட்டில் காலையில் முதல் பந்தி பறவைகளுக்குத்தான். செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, எங்களுக்கு நைனா, குளித்துவிட்டு நேராக மொட்டை மாடிக்குப் போய் நொய்யை இறைப்பார். நாங்கள் ஜைனக் குடும்பம். காக்கையோ மைனாவோ வந்து கொத்துகிற வரைக்கும் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். என்னிடம் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருந்தது. வெளிப்பறவைகளை அண்ட விடாதீர்கள், எச்சம் கூண்டில் விழக் கூடாது என்று கடைக்கு வந்த மாட்டு டாக்டர் சொல்லிப் போனார். உடனே கூண்டு சாமான் அறை இருட்டுக்குள் போய்விட்டது. சில நாளிலேயே இரண்டும் கத்துவதை விட்டு மூலையில் ஒண்டிக்கொண்டன. நான் அழுத அழுகையில் அம்மா இறங்கி வந்தார். காலையில் கொஞ்ச நேரம் மாடி வெயில், அதுவும் கொசுவலை போர்த்தி.

"ஒரு எச்சம் உள்ள வுழுந்துது, கூண்டோட எடுத்துனு போயி வாங்குன கடையிலியே குடுத்துடுவேன், ஆமா" என்று அம்மா எச்சரித்தார்.

எங்கள் கட்டில் கொசுவலைதான் கூண்டுக்குப் போனது. எங்கள் வீட்டில் கொசுவையும் அடிக்கக் கூடாது என்பதால், அன்று முதல் எல்லாரும் சொறிந்துகொண்டேதான் எழுந்தோம். எச்சம் வலையில் வழிந்துவிடுமே என்று நான் பயந்ததால், நைனா தன் கறுப்புக் குடையை விரித்துக் கூண்டுக்கு மேல் பிடித்தார்.

அவர் நின்றதுதான் தாமதம், மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கின. ஒன்று குடைமேலேயே உட்கார்ந்தது. விரட்ட நைனாவுக்கு மனசு வராது. "இப்ப வேணாம்மா, போங்கம்மா" என்று கெஞ்சினார். அந்தக் குரலைக் கேட்டு இன்னும் சில வந்தன. நான் கூண்டைக் கட்டிக்கொண்டு அலறினேன்.

அலறல் கேட்டு அம்மா ஓடி வந்தார். "இன்னாங்க இது? அதுங்க கூண்டப் பாத்து வர்ல, ஒங்களப் பாத்துதான் வருது. மொதல்ல நீங்க கீழ எறங்குங்க! மாடியில இனிமே ஒரு பருக்கை வுழக் கூடாது."

மறுநாளிலிருந்து நைனா நொய்ப் பையோடு கோட்டைப் பக்கத்துக் குளக்கரைக்கு நடந்தார். அங்கே பறவைகளுக்கு முன்னால் குரங்குகள் வந்து பையையே பிடுங்கிக்கொண்டன. பறவைகள் மரத்தைவிட்டு இறங்கவே இல்லை.

"கொரங்கு துன்னா கணக்குல வராதா?" என்று வீடு திரும்பியவரிடம் அம்மா கேட்டார்.

"பறவ துன்னணுமே" என்றார் நைனா. கடை திறக்க நேரமாகிவிட்டதென்று அப்படியே கிளம்பிவிட்டார். அநேகமாக எல்லா நாளும் இதே கதைதான். குரங்கு பை பிடுங்கியதை அவர் சொல்லச் சொல்ல நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

நொய் விழாத மாடியை மைனாக்கள் மறந்துபோயின. என் லவ் பேர்ட்ஸ் வலைக்குள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன, பழையபடி காது கிழியக் கத்தின. எனக்கு ஒரே கொண்டாட்டம். அதோடு, நைனாவுக்கு எடுத்துவைத்த இட்லியும் தினம் என் தட்டுக்கே வந்தது. அவருக்கு இட்லி அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.