வாய்தாவுக்கு இவ்வளவு

ராஜபாளையத்தில் நாங்கள் மூன்று வக்கீல்கள் சேர்ந்து ஓர் ஆபீஸ் நடத்துகிறோம். வாசலில் பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்கிறது. பீஸ் விஷயம் மட்டும் என் சீனியர் காலத்து வழக்கம்தான், வாய்தாவுக்கு இவ்வளவு என்று. கேஸ் கூப்பிடும் நாளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் போய் நின்றால் கட்சிக்காரர் பணம் தருவார். ஜட்ஜ் லீவில் போய் அடுத்த தேதி போட்டாலும் தருவார். வீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் படித்தாலும், எதிர்க்கட்சி வக்கீலிடம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசினாலும் அதற்குக் காசு கிடையாது.

தேவதானத்துக்காரர் ஒருவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தையெல்லாம் ஒரு மாந்தோப்பில் போட்டிருந்தார். தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் கல்லை ஊன்றிவிட்டார். டிராக்டர் உள்ளே போகாது. காயைத் தலைச்சுமையாக வெளியே கொண்டுவரும் கூலியிலேயே வருமானம் கரைந்துவிடும். பாதை கிடைத்தால்தான் தோப்பு அவருக்கு மிஞ்சும். அதற்குத்தான் என்னை வைத்துக் கேஸ் போட்டிருந்தார்.

ஒரு வாய்தா தவறாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிடுவார். நான் வராந்தாவுக்கு வந்ததும், "என்னாச்சு வக்கீலம்மா?" என்பார்.

"தேதி போட்டிருக்கு அண்ணாச்சி."

மறுபேச்சில்லாமல் பணத்தை நீட்டுவார். வாங்கி வாங்கி எனக்கே அலுத்துப்போனது.

ஒருநாள் எதிர்க்கட்சி வக்கீலே, உட்கார்ந்து பேசினால் தன் ஆள் இறங்கி வருவார் என்றார். சில சாயங்காலங்கள் மெனக்கெட்டால் அந்த வருஷக் காய்ப்புக்குள்ளேயே பாதை திறந்துவிடும் என்று தோன்றியது. தேவதானத்துக்காரரை ஆபீசுக்கு வரச்சொன்னேன்.

"இனிமே வாய்தாப் பணம் வேண்டாம் அண்ணாச்சி. மொத்தமா ஒரு தொகை பேசிக்கிடுவோம். அவிய வக்கீலோட உக்காந்து பேசி முடிச்சிருதேன்."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"மொத்தமா வாங்கிட்டா, பொறவு நீங்க எதுக்குக் கோர்ட்டுக்கு வருவிய?"

"வராம எங்க போகப்போறேன்?"

"எதிராளியோட பேசணும்னு வேற சொல்லுதிய."

அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்து கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டார். நான் விலைபோய்விட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் மரியாதையாக நின்றார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாய்தாக் கணக்கில் வரும் இன்னொரு வக்கீலிடம் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் பார்த்தேன். கேஸ் முடியாமலே தோப்பை விற்றுவிட்டாராம். பாதையில்லாத தோப்பை வேறு யார் வாங்குவார்கள்? கல் ஊன்றியவரேதான் வாங்கியிருக்கிறார், தான் வைத்த விலைக்கு.

"புது வக்கீலையும் குறை சொல்ல முடியாது வக்கீலம்மா. ஒரு வாய்தாகூட விடல, வந்துகிட்டேதான் இருந்தாரு" என்றார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மறுநாள் மம்சாபுரத்திலிருந்து ஓர் அம்மா, அண்ணன்மார் பாகம் தர மறுக்கிறார்கள் என்று வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பீஸ் எப்படி என்றார். மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்று வாய்வரைக்கும் வந்தது.

"வாய்தாவுக்கு இவ்வளவுன்னுதான்ம்மா" என்றேன்.

அந்த அம்மா அப்போதுதான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.