பெயர் கேட்காமல் வந்தேன்

ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக்கூட விடுவதில்லை. அதைச் சொல்லத்தான் தொழிலாளர் முறைப்பாடு கேட்கும் அரசாங்கத் தொழில் கந்தோருக்குப் போனேன். பேச்சோடு பேச்சாக, அவர் அமோனியா நெடியோடு வீடு வந்து விடிய விடிய இருமுவதையும் சொன்னேன்.

அங்கிருந்த பெண் அதிகாரி நிமிர்ந்தார். "அது தொழிற்சாலைப் பாதுகாப்புப் பார்க்கிற கந்தோர்ட வேலை, அக்கா."

இன்னொரு அலைச்சலா என்று எழுந்தேன்.

"இருங்க. நானே அங்க கதைக்கிறன்."

"இவர்ட பேர் வந்தா வேலை போயிரும், மிஸ்."

"பேர் வராது. வாயு கசியுது எண்டு மட்டும் சொல்லுறன்."

என் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். மறுநாள் இரண்டு கந்தோர்க்காரரும் ஒன்றாகப் போய், இயந்திரத்தை நிறுத்திக் குழாயை மாற்ற வைத்தார்கள். அங்கு தொழுகிற எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகவும் வழி பிறந்தது. யார் சொன்னதென்று முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மிஸ்ஸின் பெயர் எனக்கும் தெரியாது. துஆவில் 'அந்தக் கந்தோர்ப் பிள்ளை' என்று சொல்லியே அவருக்காக வேண்டிக் கேட்கிறேன். அல்லாஹ்வுக்கு விளங்கும்.