நுரைக்கூடு

மீன் தொட்டியில் மிதந்த நுரையைத் தினமும் வழித்துக் கொட்டியவன் நான்தான். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை. கலந்த வெடிமருந்து சாயங்காலம் மிச்சம் இருக்கக் கூடாது, சிந்தியது தரையில் கிடக்கக் கூடாது என்று வருடக் கணக்காகக் கத்திக் கத்தித் தொண்டை தேய்ந்துவிட்டது. சாத்தூரில் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் கண் சிந்திக் கிடப்பதைத்தான் தேடும். போன வருடம் எங்கள் கம்பெனியில் ஓர் அறை வெடித்த பிறகு இந்தப் புத்தி இன்னும் முற்றிப்போனது.

மீன் என் மனைவியின் ஆசை. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் வேலைக்குப் போய், மூச்சிரைப்பு வந்து, வீட்டோடு நின்றுவிட்டவள். விருதுநகர் கடையில் ஃபைட்டர் மீன் ஒரு ஜோடி வாங்கி வந்தாள். அது குஞ்சு பொரித்துப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நீல ஆண் தொட்டியில், பழுப்புப் பெண் அதே தொட்டிக்குள் நிறுத்திய கண்ணாடிப் பாட்டிலில். ஆண் செவுளை விரித்துக்கொண்டு பாட்டிலை முட்டும். பெயரே ஃபைட்டர், சண்டைக்கு நிற்கிறது என்றுதான் நினைத்தேன். வேலை விட்டு வந்து, கை கால் கழுவி, டீ வடிகட்டியால் அந்த நுரையை எடுத்தெறிந்தால்தான் எனக்கு மூச்சே சீராகும். மறுநாள் அது மறுபடி நுரைத்திருக்கும். எனக்கும் அலுத்துப்போனது, அதற்கும் அலுத்திருக்கும்.

ஒரு நாள் தீனி வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்.

“நுரை கட்டிருச்சா அண்ணாச்சி? ஆம்பள மீனு காத்த வாயில வாங்கித் துப்பித் துப்பிக் கட்டுற கூடு அது. முட்டை அதுலதான் நிக்கும். அக்காகிட்ட அம்புட்டும் சொல்லித்தானே விட்டேன்!”

வீட்டுக்கு வந்ததும் அவள்மேல் பாய்ந்தேன். “தெரிஞ்சுமா வாயத் தொறக்காம இருந்த?”

“அதை அள்ளிப் போட்டாத்தான் ஒங்க மொகம் தெளியுது. நான் எங்கிட்டுச் சொல்ல? மீனு நாளைக்கும் கட்டும்.”

வெட்கமாக இருந்தது. இவ்வளவு பொறுமை எதற்கு என்று கோபமும் வந்தது.

அந்த வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாட்டிலைக் காட்டினாள். பெண் மீனின் உடம்பில் நெட்டுக்குத்தாகக் கோடுகள்.

“பயந்திருந்தா கோடு படுக்கையா இருக்குமாம். இது சம்மதக் கோடு,” என்று பாட்டிலைச் சாய்த்துப் பெண்ணை வெளியே விட்டாள்.

கொஞ்ச நேரம் துரத்தல். பிறகு நுரைக்குக் கீழே ஆண் வளைந்து பெண்ணை இறுகச் சுற்றியது. விட்டபோது பெண் ஒருக்களித்து, அசையாமல், விறைத்து மிதந்தது. என் கை தானாகத் தண்ணீருக்குள் போய்விட்டது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “செத்த...”

“செத்துருச்சா?”

“அட, செத்த நேரம் பொறுங்கன்னேன்.”

கொஞ்ச நேரம் என்பதற்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லும் சொல்தான். நானே தினம் நூறு தடவை சொல்வேன். அன்றைக்கு என் காது அதைப் பாதியில் வெட்டிவிட்டது.

கீழே உதிர்ந்த வெள்ளை முட்டைகளை ஆண் வாயில் கவ்விப் போய் நுரையில் ஒட்டியது. அதற்குள் பெண் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து நீந்திப் போனது. அவள் சிரித்தாள். என் கை இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

“என்ன செய்யுது?” என்றாள், கையை விடாமல்.

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

“வெடிச்ச அந்த ரூம்ல ரெண்டு பேரு இப்படித்தான் ஒருக்களிச்சுக் கெடந்தாக. நானும் செத்த நேரம் நின்னு பாத்தேன், எந்திரிப்பாகன்னு.”