கனகசுந்தரத்தாரின் கற்காலம்

மழை சற்று ஓய்ந்தால் போதும், கனகசுந்தரத்தார் அளவு நாடாவும் பூதக்கண்ணாடியுமாக ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிவிடுவார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூரை போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையடியில் முழங்காலிட்டு, அதிலுள்ள வெள்ளைக் கோடுகளை ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் குறிப்பார். முழங்காலுக்குக் கீழே பழைய பத்திரிகை ஒன்றை விரித்துக்கொள்வார். கற்காலத்தை ஆராய்ந்தாலும் காற்சட்டையில் மண் படக்கூடாது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். ஊர் சாவகச்சேரி. 1954இல் கொழும்பிலிருந்து தபாலில் வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இரண்டு வருடமாக அவரைப் பிடித்து ஆட்டுகிறது. பழைய கற்காலம், குகை ஓவியம், செங்காவி, வேட்டை மந்திரம் என்ற சொற்கள் இல்லாமல் அவர் வாய் திறப்பதில்லை. கடைக்குட்டி சுவரில் கரியால் கிறுக்கியதை மனைவி யோகமலர் அழிக்கப் போனால், "தொடாதையும்! ஆதி மனுசன் கீறினதும் உப்பிடித்தான்," என்று தடுப்பார்.

"அப்ப நீங்களும் குகையிலை போய் இருங்கோவன்," என்பார் அந்த அம்மையார்.

தோட்டப் பள்ளி வாத்தியாரான என்னைக் கண்டால் விடமாட்டார். ஒருநாள் பாறையடிக்கே இழுத்துப் போனார். "மாஸ்டர், இந்தக் கோடுகள் என்னெண்டு நினைக்கிறியள்? ஒரு மானுக்கு ஒரு கோடு. நூற்றிப் பன்னிரண்டு மான்! பத்தாயிரம் வருசத்துக்குக் குறையாது." கீழே தெறித்திருந்த சிவப்பைக் காட்டி, "இது செங்காவி. மிருகக் கொழுப்பிலை குழைச்சது," என்று மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மத்தியான ரொட்டியைத் தின்பது அந்தப் பாறையடியில்தான். தின்றதும் வெற்றிலை போடுவார்கள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பாறையில் துடைப்பார்கள், சாற்றைக் கீழே துப்புவார்கள். அவர்கள் தின்னும் நேரத்தில் ஐயா ஒரு நாளும் அங்கே நின்றதில்லை. ஆகவே அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். வேடிக்கை பார்க்கலாமே என்று விட்டுவிட்டேன், அது என் குற்றம்.

வேடிக்கை ஐப்பசியோடு முடிந்தது. பாறையைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டுமென்று அவர் தோட்டத்து மனேஜர் துரைக்கு எழுதினார். துரை உடனே சம்மதித்தார். பெண்களுக்குக் குந்த இடமில்லாவிட்டால் கொழுந்து கூடும் என்பது துரையின் ஆராய்ச்சி. அன்று முதல் அவர்கள் கொட்டும் மழையில் நின்றபடி தின்கிறார்கள். அவர்களில் மாரியாயிக்கு ஏழு மாதம். அவளும் நிற்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் பாறையடியில் நிற்கையில், அந்தப் பெண்களில் ஒருத்தியான கருப்பம்மா கயிற்றைத் தாண்டி வந்தாள்.

"ஐயா, மாரியாயி மட்டுமாவது உள்ள ஒக்காந்து திங்கட்டுங்க. புள்ளத்தாச்சி. இது மானும் இல்ல, ஒன்னும் இல்லீங்க. நாங்க வெத்தல போட்டுட்டு வெரலத் தொடச்சதுங்க."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மிச்சத்தைப் பாறையில் இழுத்தாள். பக்கத்துக் கோட்டுக்கும் அதற்கும் ஈரம் தவிர வேறு வித்தியாசமில்லை.

கனகசுந்தரத்தார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. கயிற்றுக்கு வெளியே மாரியாயி ரொட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கருப்பம்மா போட்ட கோட்டை மட்டும், பக்கத்துக் கோட்டில் படாமல், பதமாகத் துடைத்தார்.