சாக்கில் போன பூனை

பூனையைப் பார்த்ததால்தான் என் பிள்ளைக்கு விரல் கூடிப்போனது என்று சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வயதாகிவிட்டது, பழசையெல்லாம் விட்டுத்தள்ளு என்கிறார்கள். எதற்கு விட வேண்டும்? சொன்னவர்கள் யாராவது வந்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா?

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் என் புகுந்த வீடு. நான் வருவதற்கு முன்பே அந்தப் பூனை அங்கே இருந்தது. கல்வராயன் மலைக்குப் புளி வாங்கப் போன மாமனார், அங்கே ஒரு வீட்டில் கிடந்த குட்டிகளில் இதை மட்டும் பொறுக்கி எடுத்துவந்தாராம். சாம்பல் நிறம். முன்னங்கால் இரண்டிலும் ஒரு விரல் அதிகம். நம் கட்டைவிரல் மாதிரி தனியாக ஒதுங்கி நிற்கும். அது நடந்து வந்தால், சின்னப் பிள்ளை அப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வருவது போலிருக்கும்.

அது வந்த பிறகு நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் எலி என்ற பேச்சே இல்லை. “அகலக் காலு. ஒரு அமுக்கு அமுக்குனா எலி எங்க போவும்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் பெருமையடிப்பார். ராசியான பூனை என்று மாமியாரும் அதற்குப் பால்சோறு வைப்பார். இந்த மரியாதையெல்லாம் நான் உண்டாகும் வரைக்கும்தான்.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் பூனையின் ராசி தலைகீழானது. “புள்ளத்தாச்சி அத்தப் பாக்கக் கூடாது. பாத்தா புள்ளைக்கும் அதே மாதிரி வந்துடும்” என்றார் மாமியார். நான் பார்க்காமல் இருந்தாலும் அது என்னைப் பார்க்காமல் இருக்குமா? எனக்கு ஏழு மாதம் ஆனபோது அதுவும் சினை. மத்தியானத்தில் நான் காலை நீட்டி உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து அதுவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுக்கும். எனக்கு அந்த வீட்டில் வாய் விட்டுப் பேச வேறு ஆள் இல்லை. என் கணவர் நல்லவர்தான். அம்மா முன்னால் மட்டும் அவருக்கு நாக்கு இருக்காது.

ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு என்னைச் சின்னசேலத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. வாடகைக் கார் சொல்லியாயிற்று. அதே காரில் பூனையையும் சாக்கில் கட்டிப் போட்டுக்கொண்டு போய், வழியில் எங்கேயாவது இறக்கிவிடுவது என்று மாமியார் திட்டம் போட்டிருந்தார். முன்சீட்டில் நான், டிக்கியில் பூனை. ஒரே வாடகையில் இரண்டு வேலை! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கார் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. புளியமரங்களை வெட்டிச் சாய்த்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டிகூட அசையவில்லை. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் நின்றது மாமனார்தான். இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வலது கையை உயர்த்தி அவர் கத்துவது சந்து வரைக்கும் கேட்கும். “பொறந்த பொறப்ப வெச்சி ஒருத்தன ஒதுக்கறது இன்னா நியாயம்?” அவர் கேட்டது நியாயம்தான். எனக்கும் புல்லரித்தது. ஒளிப்பானேன், என் மாமனார் என்று பெருமையாகவே இருந்தது.

அந்த வாரத்தில்தான் பூனை குட்டி போட்டது. நான்கில் இரண்டுக்கு அம்மாவைப் போலவே அகலக் கால். அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. தாய்க்கு இருந்தது குட்டிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதானே? பூனை விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தவர்களுக்கு மனுஷப் பிள்ளை என்றதும் புத்தி எங்கே போனது என்றுதான் எனக்கு ஆற்றாமை.

எனக்கும் அங்கேயே வலி எடுத்துவிட்டது. ஊர் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை. துடைத்து என் பக்கத்தில் போடும்போது, “கையில ஒரு வெரலு ஜாஸ்தியா இருக்குதும்மா” என்றாள். இடது கையில், சுண்டுவிரலை ஒட்டி, பயத்தங்காய் நுனி போல ஒரு குட்டி விரல். அதில் நகமும் இருந்தது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “நான் படிச்சிப் படிச்சி சொன்னேனே, கேட்டியா? அந்தச் சனியன பக்கத்துல போட்டுக்கினு கெடந்தியே! பொட்டப்புள்ள, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?” நான் பேச வாயெடுப்பதற்குள் என் கணவர் சாக்கை எடுத்துக்கொண்டு போனார். பால் கொடுத்துக்கொண்டிருந்த பூனையைப் பிடித்துக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, பெண்ணை ஆற்றைத் தாண்டி அக்கரையில் விட்டுவிட்டு வந்து கை கழுவினார். குட்டிகள் நெல் அறையில் கத்திக்கொண்டே கிடந்தன. பிள்ளை பெற்ற உடம்போடு அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியவில்லை. அழுகை அல்ல, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலை, குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க மாமனாரைக் கூப்பிட்டார்கள். பெரியவர் யாராவது இப்படிச் சேனை வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது வழக்கம். மருமகள்கள் மாமனார் எதிரில் நிற்கக் கூடாது என்பதும் அந்த வீட்டு வழக்கம். அதனால் அதுவரை நான் அவரைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. அன்று மட்டும் அவர் என் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. கன்னத்தைப் பிடிக்க, துண்டுக்குள் இருந்த இடது கை வெளியே வந்தது.

சுண்டுவிரலுக்குக் கீழே, ஓரத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு முண்டு. என் பிள்ளைக்கு விரல் இருந்த அதே இடம்.

“மாமா, அது இன்னாங்க கையில?” என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. “ஆம்பள கையில இருந்தத யாரு பாக்கப் போறாங்க? அதான் அந்த வெரல சின்னதுலயே முடியால கட்டி எடுத்துட்டாங்களே.”

தெரிந்திருக்கிறது! இவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னையும் ஒரு வாயில்லா ஜீவனையும் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள்.

“அப்ப மாமாவையும் சாக்குல கட்டி அக்கரையில வுட்டுட்டு வரச் சொல்லுங்க அத்தே” என்றேன். அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சை யாரும் பேசியதில்லை. மாமியார் பேச்சை மாற்றுவது போல, முந்தானையில் முடிந்து வைத்திருந்த குதிரை முடியை எடுத்தார். அதை விரலின் அடியில் இறுக்கிக் கட்டினால் சில நாளில் விரல் காய்ந்து விழுந்துவிடும்.

“வாணாம். கட்டாத” என்றார் மாமனார். “எனக்குக் கட்டும்போது வெவரம் தெரிஞ்ச வயசு. அழுவ அழுவ கட்டுனாங்க.”

அன்று அவர் மறியலுக்குப் போகவில்லை. அதே சாக்கை மடித்துக்கொண்டு பெண்ணையைத் தாண்டிப் போய், பொழுது சாயும்போது பூனையோடு வந்தார். அது யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராகக் குட்டிகளிடம் போனது.

சரி, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எங்கே? ரோட்டில் கிடந்த மரங்களை அகற்றி பஸ் ஓட ஆரம்பித்ததும் குழந்தையைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். “எல்லாம் அந்தப் பூனையால வந்த வென. சொன்னா கேட்டாதான?” என்று மாமியார் பழைய பாட்டையே பாடினார். மாமனார் அங்கேயேதான் நாற்காலியில் இருந்தார். இடது கை துண்டுக்குள். ரோட்டில் அவ்வளவு நியாயம் கேட்ட வாய் இங்கே திறக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை பேர் பார்க்க அவர் எதிரில் நின்றேன்.

“புடிங்க மாமா.”

அவர் வலது கையை மட்டும் நீட்டினார்.

“பச்சப்புள்ள. ரெண்டு கையாலயும் புடிங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தையை வைத்தேன். அதன் இடது கை அவருடைய இடது கைமேல் கிடந்தது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பூனையைக் குற்றம் சொல்லவில்லை.